பெரிய எரிசக்திக் கம்பனி கூப்பிட்டால் என்ன கேட்டு வாங்குவது?

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மின்விசிறிகளின் வேகத்தை ஈரப்பதம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்றை நண்பர்கள் இருவரோடு சேர்ந்து செய்திருக்கிறாராம். வெளிநாட்டு எரிசக்திக் கம்பனி ஒன்று ஸ்டார்ட்அப்களிடம் விண்ணப்பம் கேட்கிறது. போனால் யோசனையைத் திருடிவிடுவார்களா, கம்பனியில் பங்கு கேட்பார்களா என்று கேட்கிறார்.

தம்பி, விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அவர்களுடைய எஞ்சினியர்களுக்கும் தெரிந்த கணக்குதான், அதைத் திருட ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கொழுந்தைக் கையில் அமுக்கிப் பார்த்து "இன்னும் ரெண்டு மணி நேரம் போகட்டும்" என்கிறாரே, அதைக் கருவிக்குப் படிப்பித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுவும் அதற்காகச் சேர்த்த தரவும்தான் உங்கள் சொத்து. தரவு யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணமிருந்தால் மேடையேறிக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு போனால் ஐரோப்பாவில் கிடைக்காது.

பங்கு கேட்பது எந்தக் கதவால் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எண்ணெய்க் கம்பனியான ஷெல் 1996இல் தொடங்கிய கேம்சேஞ்சர் திட்டம் பங்கு எடுக்காமல் ஆரம்பப் பரிசோதனைக்குப் பணம் தரும் வகை. இன்னொரு எண்ணெய்க் கம்பனியான செவ்ரோன் 1999இல் தொடங்கிய டெக்னோலஜி வெஞ்சர்ஸ் பங்கு வாங்கி முதலீடு செய்யும் வகை. சில வேளை முழுசாகவே வாங்கிவிடுவார்கள்: வீட்டு பற்றரி செய்யும் ஜெர்மனியின் சோனன் கம்பனியில் ஷெல் 2018இல் முதலீடு செய்து, 2019இல் மொத்தமாக வாங்கியது.

எனக்கு இதைவிடப் பயம் இலவச பைலட்தான், அதாவது காசு தராமல் செய்யச் சொல்லும் சோதனை ஓட்டம். "முதலில் ஒரு இடத்தில் போட்டுப் பார்ப்போம்" என்பார்கள், மூன்று மாதம் ஆறு மாதமாகும், கூப்பிட்டவர் வேறு பிரிவுக்கு மாறிப்போவார், உங்கள் கையில் இருந்த காசும் தீர்ந்திருக்கும். அதனால் சின்னத் தொகையானாலும் கூலி கேளுங்கள். பைலட் வெற்றியென்றால் அடுத்த ஓடரை எந்தப் பிரிவின் பட்ஜெட்டில் போடுவார்கள் என்றும் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பதிலை இழுத்தால் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் வெற்றி என்றால் என்ன என்பதை எண்ணாக எழுதுங்கள்: ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை யூனிட். மொத்த மின்பில்லை ஒப்பிட்டால் கொழுந்து குறைந்த மாதத்தில் நீங்கள்தான் மிச்சம் பிடித்த மாதிரித் தெரியும், நிறைந்த மாதத்தில் கெட்ட பெயர். நம் பக்கம் பெப்ரவரி வெயிலில் மட்டும் சோதித்துவிட்டு வராதீர்கள். ஜூன் மழையில் கொழுந்து சொட்டச் சொட்ட வரும், விசிறி நேரம் நீளும், சென்சரிலும் ஈரம் படியும். அந்த மாதக் கணக்கையும் விண்ணப்பத்தோடு வைத்தால், கருவியின் படத்தைவிட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.