ஊசி பத்து நிமிடம், அரிப்பு ஒரு வாரம்

கேள்வி: முடி மாற்று அறுவை சிகிச்சை செய்யும்போதும் செய்த பிறகும் வலி எப்படி இருக்கும்? தாங்க முடியுமா?

இரண்டு வருடத்துக்கு முன்னால், முடி வேர்களை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்து நடுகிற எஃப்யூஇ முறையில் செய்துகொண்டவன் நான். வலிக்கும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் வலிக்காது.

எல்லோரையும் மிரட்டுவது துளைகளின் எண்ணிக்கைதான். எனக்கு 2,400 கிராஃப்ட், அதாவது எடுத்து நடுகிற முடி வேர். பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராகக் குடைந்து எடுக்க 2,400 துளை, முன்னால் நட இன்னொரு 2,400. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. உண்மையில், நடுவில் மருந்து தெளிந்த ஓரிடம் தவிர, அந்தத் துளைகள் எனக்கு வலிக்கவில்லை. வலித்தது அதற்கு முன்னால் போட்ட மரத்துப்போகும் ஊசி.

"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும் சார், அவ்வளவுதான்" என்று ஆலோசனைக்குப் போனபோது சொல்லியிருந்தார்கள். சுருக்கென்று இருப்பது ஊசி முனை. அதற்குப் பிறகு மருந்து தோலுக்குள் இறங்கும் பாருங்கள், அது எரிச்சல். தலைத் தோலுக்கு அடியில் உடனே எலும்பு. மருந்து பரவ இடமில்லை. போதாக்குறைக்கு அந்த மருந்தே அமிலத் தன்மை உள்ளது. மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்னோடு ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்து வைத்திருப்பார்கள், அந்தக் கலவையில் அமிலம் இன்னும் தூக்கலாக இருக்கும். பின்மண்டையில் காதுக்குக் காது வரிசையாகப் போட்டார்கள். நான்கைந்து ஊசிக்குப் பிறகு முன்னே போட்டதன் பலனில் அடுத்தது மந்தமாகிவிடும். "மூச்சை மெதுவா விடுங்கண்ணா" என்று நர்ஸ் தங்கை சொல்லிக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் நடுவதற்காக நெற்றியில் மறுபடி அதே கதை. நெற்றிதான் எனக்கு மோசம், கண்ணில் தானாகத் தண்ணீர் வந்தது. இரண்டும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட இருக்காது.

இதில் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம்: இந்த எரிச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. மருந்தில் சோடியம் பைகார்பனேட் கலந்து அமிலத்தைத் தணிக்கலாம். உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியால், மெதுவாக இறக்கலாம். பக்கத்திலேயே அதிர்வுக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினால் மூளைக்குக் குத்து அவ்வளவாகத் தெரியாது. எத்தனை கிராஃப்ட், எத்தனை மாதத்தில் முளைக்கும் என்று நூறு கேள்வி கேட்ட நான் இதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அட்ரினலின் உள்ளே போனதும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். பயந்துவிட்டேன் என்று நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. மருந்தின் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் வாயைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், இவற்றில் எது வந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு உடம்பில் ஏறுகிறது என்பதற்கான அடையாளம் அது. பிரஷர், இதயக் கோளாறு, தைராய்டு, மருந்து ஒவ்வாமை இருந்தால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

குடையும்போது வலி இல்லை, சத்தம் உண்டு. ஈர மணலில் குச்சியைச் சுழற்றுவது போல ஒரு 'கரக் கரக்'. காது வழியாக இல்லை, மண்டையோட்டு வழியாகவே கேட்கும். மூன்று மணி நேரம் குப்புறப் படுத்து, முகத்துக்கான ஓட்டை வழியாகத் தரையின் ஒரே ஒரு டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மூலை உடைந்திருந்தது, இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அன்று மொத்தம் எட்டு மணி நேரம். உண்மையான அவஸ்தை கழுத்திலும் இடுப்பிலும்தான். நடுவில் ஓரிடத்தில் மருந்து தெளிந்து குத்து தெரிய ஆரம்பித்தது. கொஞ்சம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், முட்டாள்தனம். சொன்னதும் அரை நிமிடத்தில் இன்னொரு ஊசி போட்டார்கள்.

முதல் ராத்திரி நட்ட இடம் சும்மா இருந்தது. எடுத்த இடம்தான் வலித்தது. கீழே விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டால் எரியுமே, அதையே பின்மண்டை முழுக்க வைத்துப் பாருங்கள். பத்துக்கு நான்கு போடுவேன். டாக்டர் எழுதித் தந்த பாராசிட்டமாலே போதுமாக இருந்தது. நாமாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எடுக்கக் கூடாது, ரத்தம் கசியும். மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். தோலைப் பட்டையாக வெட்டித் தைக்கிற எஃப்யூடி முறையில் பின்மண்டை இறுக்கிப் பிடிப்பது இதைவிட அதிகம், தையல் பிரிக்கவே பத்து, பதினான்கு நாள் ஆகும்.

வலி போன பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. மூன்றாம் நாள் காலை இரண்டு கண்ணும் பாதிதான் திறந்தன. தலைத் தோலுக்குள் ஏற்றிய திரவம் நெற்றி வழியாகக் கண்ணுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். அதில் வலி கிடையாது. வீடியோ காலில் அக்கா பார்த்துவிட்டு, "யார்கிட்டடா அடி வாங்கின?" என்று அலறினாள். இரண்டு நாளில் வடிந்துவிட்டது. முதல் சில ராத்திரி தலையை உயர்த்தி, சாய்ந்தே தூங்கச் சொல்வது இதற்காகத்தான். நான் ஒழுங்காகச் சாய்ந்து தூங்கவில்லை.

என்னைக் கேட்டால் வலியைவிடக் கொடுமை அரிப்பு. நான்காம் நாள் தொடங்கியது. ஒவ்வொரு வேரைச் சுற்றியும் சின்னப் பொருக்கு கட்டி, தோல் காய்ந்து, மண்டை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி. சொறிந்தால் நட்ட வேர் கையோடு வந்துவிடும். ராத்திரி தூக்கத்தில் கை போய்விடுமோ என்று பயந்து கையுறை மாட்டிக்கொண்டு படுத்தேன். சலைன் ஸ்ப்ரே அடித்தால் அரை மணி நேரம் நிம்மதி. டாக்டர் சொன்ன நாளிலிருந்து தேய்க்காமல் நுரையை வைத்துக் கழுவக் கழுவ, பத்தாம் நாள் வாக்கில் பொருக்கு உதிர்ந்தது, அரிப்பும் கூடவே போனது.

மரத்துப்போன உணர்வு மட்டும் போகவில்லை. சின்னச் சின்ன நரம்பு முனைகள் அறுபட்டிருக்கும், அவை திரும்ப வளர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சீப்பு வைத்தால் வேறு யாருடைய தலையையோ வாருகிற மாதிரி இருக்கும். ஒருநாள் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன், சத்தம் கேட்டது, வலிக்கவில்லை. அது சிரிக்கிற விஷயம் இல்லை. வெந்நீரும் ஹேர் டிரையரும் சுட்டாலும் தெரியாது. இரண்டாவது மாதத்தில் திடீர் திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றது. நரம்பு உயிர் பெறும்போது அப்படி இருக்கும் என்றார் டாக்டர். நாலு மாதத்தில் எனக்குச் சரியானது.

ஒன்று மட்டும் கவனம். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போக வேண்டும். மூன்று, நான்கு நாளுக்குப் பிறகு ஏறினாலோ, சீழ், காய்ச்சல், நாற்றம் வந்தாலோ, தோல் ஓரிடத்தில் கறுத்தாலோ இங்கே வந்து கேள்வி போடாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

தாங்க முடியுமா என்று கேட்டீர்கள். உச்சியில் எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. போன மாதம் அதற்காக ஆலோசனைக்குப் போயிருந்தேன். உட்கார்ந்ததும் கேட்டது கிராஃப்ட் கணக்கை இல்லை: "ஊசி மருந்துல பைகார்பனேட் கலப்பீங்களா டாக்டர்?"