மகளைத் தொழில்வழிச் சிகிச்சை படிக்க விடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாத மகள் தொழில்வழிச் சிகிச்சையை (Occupational Therapy) கேட்கிறாள், பெயரே புதிதாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெயர்தான் குழப்புகிறது. இது நோயாளிக்கு வேலை தேடிக்கொடுக்கக் கற்பிக்கும் படிப்பு அன்று. பாரிசவாதத்தில் வலக்கை விழுந்துவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்தக் கையின் அசைவையும் வலுவையும் மீட்பதில் இயன்மருத்துவர் முனைப்பாக இருப்பார். அதே கையால் தெறி பூட்டவும் சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகவும் பழக்குவது தொழில்வழிச் சிகிச்சையாளர். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கி, முதியவர் ஒருவரைத் தானாகவே கஞ்சி குடிக்க வைத்ததை நான் நேரில் பார்த்தேன். அவருடைய மனைவி அழுதுவிட்டார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டம் இல்லை. றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 4 ஆண்டுப் பட்டமாக இருக்கிறது. உயர்தர உயிரியல் பிரிவு மாணவர்களுக்கானது, கற்பது ஆங்கிலத்தில். இன்னொரு வழி சுகாதார அமைச்சு கொழும்பில் நடத்தும் டிப்ளோமா. அதற்கான விண்ணப்பம் வர்த்தமானியில் வரும்; தவறவிடாதீர்கள். இந்தியாவிலும் இந்தப் பட்டம் உண்டு, மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடங்கும்.

எங்கே படித்தாலும் இலங்கையில் வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் தகப்பன் தோட்டக் காணியை ஈடுவைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் பணம் கட்டினார். சான்றிதழ் கிடைத்தது, பதிவு கிடைக்கவில்லை. ஆகவே பணம் கட்டுமுன் 'இந்தப் படிப்பைப் பதிவுக்கு ஏற்பீர்களா?' என்று சபையிடமே எழுத்தில் கேளுங்கள். உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் குறைந்தது 1000 மணிநேரக் களப்பயிற்சி கேட்கிறது. அந்தக் கணக்கையும் படிப்பை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

கனடாவிலிருக்கும் மாமா கூப்பிடுவார் என்கிறீர்கள். அங்கே இத்தொழிலுக்கு முதுமாணி நிலைப் படிப்பு வேண்டும், பெரும்பாலான மாகாணங்களில் தேசியத் தேர்வும் உண்டு. வெளிநாட்டில் படித்தவர் தம் படிப்பு அதற்கு ஈடானது என்று முதலில் நிறுவ வேண்டும். இங்கிருந்து பட்டத்தோடு போனால் மறுநாளே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்புமுன், அனுமதி கேட்டு, மகளை ஒரு காலைப்பொழுதாவது வைத்தியசாலையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தெறியைப் பூட்ட அரை மணிநேரம் பிடிக்கும் நோயாளிக்கு அருகே கைகொடுக்காமல் காத்திருக்க அவளால் முடிகிறதா என்று அன்றிரவு அவளிடமே கேளுங்கள்.