வூஃபரின் எண்ணைப் பார்த்த பிறகே பலகையை அறுங்கள்: ஸ்பீக்கர் பெட்டி கேள்வி பதில்

வீட்டில் பாட்டு கேட்கச் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்யும் குமரி மாவட்ட நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

தக்கலையிலிருந்து: 8 இன்ச் வூஃபர் ஒரு ஜோடி வாங்கியாச்சு. ஆசாரி பெட்டி அளவு கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

முதலில் வூஃபரோடு (தாழ்ந்த ஒலியான பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) வந்த தாளை எடுங்கள். அதில் எஃப்எஸ் (ஸ்பீக்கரின் அசையும் முன்பகுதியான கோன் இயல்பாக அதிரும் வேகம்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். பெட்டியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது இவைதான். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்கு இது.

உதாரணமாக எஃப்எஸ் 38 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டி என்றால் பேஸ் தூக்கலில்லாமல் சமமாக வருவதற்கான இலக்கு எண் 0.707. அதை 0.38-ஆல் வகுங்கள்: 1.86. அதன் வர்க்கம் 3.46, ஒன்றைக் கழித்தால் 2.46. நாற்பதை அதால் வகுத்தால் சுமார் 16 லிட்டர். பேஸ் 71 ஹெர்ட்ஸ் வரை நிற்கும், அதற்குக் கீழே மெல்ல இறங்கும். இதே வூஃபரைக் குழாய் வைத்த பெட்டியில் போட்டால் 37 லிட்டர், 38 ஹெர்ட்ஸ் ட்யூனிங் (குழாயும் பெட்டிக் காற்றும் சேர்ந்து அதிரும் வேகம்) பொருந்தும். பேஸ் 40 ஹெர்ட்ஸை ஒட்டி வரும், ஆனால் அதற்குக் கீழே செங்குத்தாக விழும். சின்ன அறைக்கு, சுவரை ஒட்டி வைப்பதற்கு, நான் மூடிய பெட்டியைத்தான் சொல்வேன். சுவரே பேஸைக் கொஞ்சம் கூட்டித் தரும்.

குழாய்ப் பெட்டிதான் வேண்டுமென்றால் ஆசாரியிடம் உள்ளளவு 25 × 30 × 53.5 செ.மீ என்று சொல்லுங்கள். அது 40 லிட்டர். வூஃபர், குழாய், உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டம் மூன்றும் சேர்ந்து சுமார் 3 லிட்டரைத் தின்றுவிடும். 18 மி.மீ பலகையில் 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றில் இரண்டு பெட்டிகளும் முடியும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் ஒரே அளவாக வைக்காதீர்கள். உள்ளே ஒரே சுரம் மூன்று பக்கமும் எதிரொலித்துக் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகும்.

அதே நண்பர்: குழாய் எவ்வளவு நீளம்?

உள்விட்டம் 7 செ.மீ உள்ள பிவிசி குழாய் எடுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 23,562-ஆல் பெருக்குங்கள். ட்யூனிங்கின் வர்க்கத்தைப் பெட்டியின் நிகர லிட்டரால் (37) பெருக்கி, வந்த தொகையால் முதல் எண்ணை வகுங்கள். அதிலிருந்து விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் செ.மீ கணக்கில் நீளம் கிடைக்கும். இங்கே 16.5. முதலில் 18 செ.மீ வெட்டி மாட்டி, கேட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெட்டியதை நீட்ட முடியாது. 5 செ.மீ குழாய் போட்டால் சத்தத்தைக் கூட்டும்போது காற்று புஸ் புஸ்ஸென்று இரையும். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்ட அளவு இடம் விடுங்கள். பல்லி புகாமல் உள்முனையில் வலை கட்டலாம். கண்ணி மிகப் பொடியாக இருந்தால் அதுவும் இரையும்.

குலசேகரத்திலிருந்து: எங்கள் பக்கம் ரப்பர் மரப் பலகை சுலபமாகக் கிடைக்கிறது. அதிலேயே செய்யலாமா?

முழுப் பெட்டிக்கு வேண்டாம். எந்த முழுமரமும் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பெட்டியின் மூலை இணைப்பு வருஷத்துக்கு இரண்டு தடவை இழுபட்டு மயிரிழை விரிசல் விடும், அதில் காற்று கசியும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் மருந்து ஏற்றாத பலகையைப் பூச்சி சீக்கிரம் துளைக்கும். பெட்டியைப் பிளைவுட்டில் செய்து, முன்பக்கச் சட்டத்துக்கு மட்டும் மருந்து ஏற்றிய ரப்பர் மரத்தை வையுங்கள், அழகாக இருக்கும்.

குளச்சலிலிருந்து: வீடு கடலுக்குப் பக்கத்தில். எம்டிஎஃப் தாங்குமா?

எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஒலிக்கு நல்லது, ஈரத்துக்கு ஆகாது. அறுத்த விளிம்பு தண்ணீரைக் குடித்து உப்பும், ஸ்க்ரூ பிடி விட்டுப்போகும். உங்களுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தான். எம்டிஎஃப் ஏற்கெனவே வாங்கிவிட்டால், பெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கலக்கி விளிம்புகளில் இரண்டு தடவை பூசி, காய்ந்ததும் தேய்த்து, உள்ளும் புறமும் பெயின்ட் அடியுங்கள். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். வூஃபரின் ஓரவளையம் ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஈரக்காற்றில் ஃபோம் பொடிந்துவிடும். ஒயர் முனைகளைச் சொருகி விடாமல் சால்டர் வையுங்கள், உப்புக்காற்றில் சொருகு முனை பச்சை பிடிக்கும்.

கருங்கல்லிலிருந்து: கோயில் கொடைக்கு மைக் செட் போடுபவரிடம் பழைய 12 இன்ச் வூஃபர் கிடைத்தது. வீட்டுக்கு ஆகுமா அண்ணாச்சி?

ஆழமான பேஸை எதிர்பார்க்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் போகும் சத்தத்துக்காகச் செய்த வூஃபரில் கோன் இலேசாக இருக்கும், எஃப்எஸ் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும், கோன் முன்பின் நகரும் தூரமும் குறைவு. பெரிய பெட்டி செய்து கொடுத்தாலும் 40 ஹெர்ட்ஸ் வராது. நாதஸ்வரம், தவில், பேச்சு இவற்றுக்கு மிக நன்றாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாமா?

நாளடைவில் அடியில் படிந்து கட்டியாகும். பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சு போதும். 16 லிட்டர் மூடிய பெட்டிக்கு 150 முதல் 200 கிராம் வரை, அமுக்காமல் உதிர்த்துப் போடுங்கள். குழாய்ப் பெட்டியில் சுவர்களை ஒட்டி மட்டும் வையுங்கள், குழாயின் வாயை விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு போட்டேன். பாடகர் குரல் பின்னால் போய்விட்டது.

அநேகமாக ட்வீட்டரின் (கூர்மையான ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) ஒயர் முனைதான் காரணம். கிராஸ்ஓவர் என்பது ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று. அதில் இரண்டாம் நிலை லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகையில் வூஃபரும் ட்வீட்டரும் பிரியும் இடத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் அசையும். ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால்தான் ஒலி சேரும். முதலில் அதை மாற்றிக் கேளுங்கள். சரியாகாவிட்டால் மதிப்புகளைப் பாருங்கள்: 8 ஓம், 2500 ஹெர்ட்ஸுக்கு இரு பக்கமும் 1 மில்லிஹென்றி காயில், 4 மைக்ரோஃபாரட் கண்டென்சர். வூஃபர் மேலே போகப் போக 8 ஓமாக நிற்காது, ஏறும். அதனால் காயில் வேலை செய்யாமல் குரலோடு முட்டும். வூஃபருக்கு இணையாக 7.5 ஓம் ரெசிஸ்டரும் 14 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராகக் கொடுங்கள். இது டிசி ரெசிஸ்டன்ஸ் 6 ஓம், இண்டக்டன்ஸ் 0.8 மில்லிஹென்றி உள்ள வூஃபருக்கான கணக்கு. இரண்டு காயில்களை ஒன்றையொன்று ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றைப் படுக்க, ஒன்றை நிற்க வையுங்கள்.

முட்டத்திலிருந்து: பெட்டி மூடியாச்சு. காற்று கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூடிய பெட்டியில் கோனை நான்கு விரலால் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பினால் நல்லது. சட்டென்று குதித்தால் கசிவு. பிறகு 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓட்டி, இணைப்புகள் நெடுக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை விட்டுவிட்டுத் தள்ளப்படும் இடத்தில் உள்பக்கமாகச் சிலிக்கான் பூசுங்கள். பெரும்பாலும் அது ஒயர் வெளிவரும் ஓட்டையாகவே இருக்கும்.