வாசகர் கேள்வி – பதில்: டோலோரஸ் டெல் ரியோ ஏன் ஊர் திரும்பினார்?

கேள்வி: ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த மெக்சிகோ நடிகை டோலோரஸ் டெல் ரியோ தாய்நாடு திரும்பியது, வாய்ப்புகள் கைநழுவியதால்தானே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வாய்ப்புக் குறைந்தது உண்மை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அவருடைய திரைவாழ்வின் ஆகச் சிறந்த பகுதியைப் பார்க்காமலே போய்விடுவோம். 1904இல் டுராங்கோவில் வங்கியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். மெக்சிகோ புரட்சியில் சொத்தை இழந்த குடும்பம் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. 1925இல் இயக்குநர் எட்வின் கரூவின் அழைப்பில் ஹாலிவுட் சென்று, மூன்றே ஆண்டுகளில் மௌனப் படங்களின் முன்னணி நாயகியானார். பேசும்படம் வந்த பிறகு தீவுப் பெண், பிரேசில் அழகி என்று அயல்நாட்டு மங்கையர் வேடங்களே பெரும்பாலும் அவரைத் தேடி வந்தன. அந்த முகத்தைக் கொண்டாடியவர்கள் அதற்குள் இருந்த நடிகையைத் தேடவில்லை என்பது என் வருத்தம். 1938இல் திரையரங்கு உரிமையாளர்கள் வெளியிட்ட, வசூலுக்கு ஆகாத நட்சத்திரங்களின் பட்டியலில் கிரேட்டா கார்போவோடு அவர் பெயரும் இடம்பெற்றது.

இந்த நிலையில்தான், 38 வயதில், மெக்சிகோவில் இயக்குநர் எமிலியோ பெர்னாண்டஸின் படத்தில் நடிக்க வந்தார். 1943இல் எடுக்கப்பட்ட 'மரியா கண்டெலாரியா'வில், மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ பகுதியின் கால்வாய்களில் பூ விற்கும் பழங்குடிப் பெண்ணாக, இரட்டைப் பின்னலும் வெறுங்காலுமாக வருகிறார். தாயின் மீதிருந்த பழிக்காக மகளையும் ஒதுக்கிவைத்த ஊரார், பூக்களை ஏற்றிவரும் அவளுடைய படகைத் தங்கள் படகுகளால் மறித்து நிற்கிறார்கள். கூச்சலிடாமல், கெஞ்சாமல், கண்ணை மட்டும் உயர்த்தி அவர்களைப் பார்த்துவிட்டு அவள் படகைத் திருப்பும் இடத்தில், ஹாலிவுட் கேட்காமல் விட்ட நடிப்பு முழுவதும் தெரிகிறது. அவளும் காதலனும் கல்யாணச் செலவுக்காக நம்பி வளர்த்த பன்றிக்குட்டியைக் கடைக்காரன் கொன்றுவிடுவது, கதையின் முடிவைவிட என்னை அதிகம் வருத்திய காட்சி. காப்ரியேல் பிகுரோவா ஒளிப்பதிவு செய்த இப்படம், 1946இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பெற்ற படங்களுள் ஒன்று. செல்வக் குடும்பத்துப் பெண் பழங்குடி ஏழையாக நடித்ததைக் குறை சொல்பவர்கள் உண்டு; அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த வேடத்தை அவர் அலங்காரமாக அணிந்துகொள்ளவில்லை என்பதற்கு அந்தப் படகுக் காட்சியே சாட்சி.

கேள்வி: அதன் பிறகு அவர் ஹாலிவுட் பக்கமே போகவில்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: போக விரும்பியபோது கதவு அடைத்திருந்தது. கம்யூனிஸ்டு அச்சம் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த 1954இல், இடதுசாரி அனுதாபி என்ற சந்தேகத்தால் அவருக்கு விசா கிடைக்கவில்லை. அவர் நடிக்கவிருந்த 'புரோக்கன் லான்ஸ்' பட வேடம் மற்றொரு மெக்சிகோ நடிகையான காட்டி ஹுராடோவுக்குப் போய், அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றுத் தந்தது. 1960இல் 'பிளேமிங் ஸ்டார்' படத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் தாயாக டெல் ரியோ மீண்டும் ஹாலிவுட் திரையில் தோன்றினார். பிற்காலத்தில், படப்பிடிப்புக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை நம்பி விட்டுச்செல்ல, மெக்சிகோ நகரில் நடிகர் குடும்பங்களுக்கெனக் குழந்தைகள் காப்பகம் ஒன்றை உருவாக்க முன்னின்று உழைத்தார். 1983இல் கலிபோர்னியாவில் காலமானார்.