காற்று எப்போது சீறுகிறது? லாரி பிரேக் கேள்வி பதில்

காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காற்றழுத்தத்தை ஓட்டுநர்கள் பேசுகிறபடியே கிலோ என்று எழுதியிருக்கிறோம். மீட்டரில் பார் என்று போட்டிருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் முன்னால், சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிடுங்கள்.

வாசகர், சங்ககிரி: பத்துச் சக்கர லாரி. ஹேண்ட் பிரேக்கை விட்டதும் பின்னால் ரிலே வால்வில் (பின் பிரேக்குக்குக் காற்றை விடும் வால்வு) காற்று சீறுகிறது. ரிலே வால்வைப் புதிதாக மாற்றினோம், நிற்கவில்லை. ஃபுட் வால்வையும் (பிரேக் பெடலின் வால்வு) மாற்றினோம், நிற்கவில்லை. ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் மட்டும் காற்று இறங்குவதில்லை. அடுத்து எதை மாற்றுவது?

ரிலே வால்வை மாற்றியிருக்கத் தேவையில்லை. ஹேண்ட் பிரேக் போட்டால் சீறல் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் டப்பா) இரண்டு அறைகள். முன் அறை காலால் அழுத்தும் பிரேக்குக்கு. பின் அறையில் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விட்டால் பின் அறையில் காற்று நிறைந்து ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும். போட்டால் அந்தக் காற்று வெளியேறி ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது தேய்ந்தால் பின் அறைக் காற்று முன் அறைக்குக் கசிந்து, கால் பிரேக் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து, ரிலே வால்வின் எக்ஸாஸ்ட் துவாரத்தில் வெளியேறும். ஏபிஎஸ் உள்ள வண்டியில், பிரேக் காற்றை விட்டு விட்டுப் பிடிக்கும் மாடுலேட்டர் வால்வின் துவாரத்திலும் வரலாம். சத்தம் வால்வில் கேட்பதால் வால்வைத்தான் எல்லோரும் கழற்றுகிறார்கள்.

ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் ரிலே வால்வு சீறிக்கொண்டே இருந்தால் வால்வின் இன்லெட் சீட் பழுது. போட்டதும் நின்றால் சேம்பர் சீல். காலால் அழுத்தும்போது மட்டும் சீறினால் வால்வின் எக்ஸாஸ்ட் சீட் அல்லது ஏதாவது ஒரு சேம்பரின் டயாபிரம் (காற்று தள்ளும் ரப்பர் தகடு). டயாபிரம் என்றால் சத்தம் சேம்பரின் அடித்துவாரத்திலேயே கேட்கும்.

எந்தச் சேம்பர் என்று தெரிய வேண்டுமா? கட்டை கொடுத்து, காற்று முழுதாக ஏறியதும் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். காலை பிரேக்கில் வைக்க வேண்டாம். பின் சேம்பர் ஒவ்வொன்றிலும் கால் பிரேக் ஹோஸை மட்டும் கழற்றிப் பாருங்கள். எந்தச் சேம்பரின் வாயிலிருந்து காற்று வருகிறதோ அதுதான். ஹேண்ட் பிரேக் லைன் ஹோஸைத் தொடாதீர்கள். அதில் முழு அழுத்தம் இருக்கும், கழற்றினால் ஸ்பிரிங்கும் பாயும். ஓடி வந்த வண்டியில் ஒரு டிரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், அந்தப் பக்கம் முதலில் பாருங்கள். கசிந்த காற்று பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஓடவிட்டிருக்கும்.

சேம்பரை முழுதாக மாற்றுவதே எங்கள் பரிந்துரை. உள்ளிருக்கும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. பிரஸ் இல்லாமல் பட்டறைத் தரையில் கிளாம்பைக் கழற்றினால் மூடி பறந்து ஆளைக் கொன்றுவிடும்.

வாசகர், நாமக்கல்: பின் பிரேக் லைனிங் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பகுதி) மாற்றிய நாளிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. ஈசியு (ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்கிறார்கள்.

லைனிங் வேலைக்குப் பிறகு வந்த விளக்கு என்றால் ஈசியுவைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். ஹப்பைக் கழற்றி மாட்டும்போது வீல் சென்சார் பின்னால் தள்ளப்பட்டிருக்கும், அல்லது அதன் வயர் அடிபட்டிருக்கும்.

ஹப்போடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்துக்கு எதிரே சென்சார் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் புஷ் மட்டும்தான், போல்ட் கிடையாது. ஹப் மாட்டும் முன் புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, சென்சாரைக் கையால் அழுத்தி முழுதாக முன்னால் தள்ளி வைக்க வேண்டும். ஹப் உள்ளே வரும்போது வளையமே அதைத் தேவையான அளவு பின்னால் தள்ளிக்கொள்ளும். சுத்தியல் வேண்டாம், ஸ்குரூடிரைவரால் நெம்பவும் வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. சாவியை அணைத்து, சென்சார் கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கம் இரண்டு முனைக்கும் ஓம் பாருங்கள். இரண்டு வயர் கொண்ட சாதாரண வகையில் 900 முதல் 2000 ஓம்க்குள் இருக்கும். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. ஏதாவது ஒரு முனைக்கும் சேஸிஸ் இரும்புக்கும் நடுவே ஓம் காட்டினால் வயர் உரசி எர்த் ஆகிறது. ஓம் சரி என்றால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுற்றுங்கள். குறைந்தது 0.2 வோல்ட் வர வேண்டும். ஓம் சரியாக இருந்து வோல்ட் மட்டும் குறைந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். சென்சாரை முன்னால் தள்ளி விட்டால் போதும். சில நாளில் மறுபடி அதே நிலை வந்தால் வீல் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். ஹப் ஆடும்போது வளையம் சென்சாரைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளும். தளர்ந்த புஷ், பல்லுக்கு நடுவே ஒட்டிய இரும்புத்தூள், வளைந்த பல் ஆகியவையும் காரணமாகலாம்.

இந்த வகை சென்சாரின் வோல்ட் சக்கர வேகத்தோடு கூடும், குறையும். அதனால் இடைவெளிக் கோளாறு முதலில் குறைந்த வேகத்தில்தான் தெரியும். காய்ந்த ரோட்டில், வண்டி நிற்கப் போகும் தறுவாயில், 10-15 கிலோமீட்டர் வேகத்தில் மாடுலேட்டர் ‘டப் டப்’ என்று காற்றை விட்டு பிரேக் நழுவினால், விளக்கு இன்னும் எரியாவிட்டாலும் சென்சார் இடைவெளியைப் பாருங்கள். சக்கரம் நின்றுவிட்டது என்று ஈசியு தவறாக எண்ணி பிரேக்கை விடுகிறது.

சரிசெய்ததும் விளக்கு அங்கேயே அணையவில்லை என்று பதற வேண்டாம். சென்சார் பழுது பதிவான பிறகு, பல வண்டிகளில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டி, சென்சார் சிக்னல் சரி என்று பார்த்த பிறகே ஈசியு விளக்கை அணைக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கம் பாடி கட்டும் பட்டறைகள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி கேபிளையும் ஈசியு கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த்தை, வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். உண்மையிலேயே ஈசியு போவது பெரும்பாலும் இதனால்தான்.

வாசகர், தூத்துக்குடி: விளக்கு எரிந்தபடியே ஓட்டலாமா? ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் விளக்கு போய்விடும் என்கிறார்கள்.

ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதாரண ஏர் பிரேக் வேலை செய்யும். அதனால் பட்டறை வரை, இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டிச் செல்லலாம். மழையில், காலி வண்டியில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை மனதில் வையுங்கள். டிரெய்லர் என்றால் வண்டி மடங்கும். ஃபியூஸைப் பிடுங்குவதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்கவில்லை. அடுத்து ஸ்டியரிங் பிடிக்கும் ஓட்டுநருக்கு ஏபிஎஸ் இல்லை என்பதே தெரியாமல் போகும்.

வாசகர், கரூர்: காற்று டேங்கின் டிரெயினை (அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு) திறந்தால் பால் நிறத்தில் எண்ணெய்த் தண்ணீர் வருகிறது. ஏர் டிரையர் காட்ரிட்ஜ் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது.

காட்ரிட்ஜ் ஈரத்தைத்தான் உறிஞ்சும். கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளினால் அந்த எண்ணெய் காட்ரிட்ஜின் மணிகளை மூடிவிடும், பிறகு தண்ணீரும் தடையின்றிப் போகும். இன்னொரு காட்ரிட்ஜ் போட்டாலும் இதே கதைதான்.

கம்ப்ரஸரைக் கழற்றும் முன் மூன்று இடம் பாருங்கள். முதலில், கம்ப்ரஸருக்குள் போகும் காற்றுக் குழாய். அது அடைத்திருந்தால் கம்ப்ரஸர் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எண்ணெயை இழுக்கும். அடுத்து கம்ப்ரஸரிலிருந்து டிரையருக்கு வரும் டெலிவரி பைப். இதன் தொடக்கத்தில் கரி படிந்து துளை சுருங்கியிருந்தால் சூடு ஏறி எண்ணெய் இன்னும் கூடும். கழற்றி உள்ளே விரலை விட்டாலே தெரிந்துவிடும். மூன்றாவது, லீக். பலரும் இதை நினைப்பதில்லை. எங்காவது காற்று கசிந்துகொண்டே இருந்தால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் லோடில் ஓடும். ஓய்வு இல்லாத கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளும்.

லீக்கை அளக்க, காற்று முழுதாக ஏறி டிரையர் ஒரு முறை ‘புஸ்’ என்று விட்டதும் இன்ஜினை நிறுத்துங்கள். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, முதல் இறக்கம் நின்ற பிறகு முள்ளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் தேர்வில், டிரெய்லர் இல்லாத வண்டிக்கு இந்த நிலையில் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, அதாவது 0.2 கிலோதான் அதிகபட்ச இறக்கம். டேஷ் மீட்டரில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது என்பதால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகப் போங்கள். இரண்டு முள்ளில் ஒன்று மட்டும் இறங்கினால் அந்த சர்க்யூட்டில் மட்டும் தேடினால் போதும்.

இந்த எண்ணெயை அலட்சியமாக விடாதீர்கள். ஃபுட் வால்வு, ரிலே வால்வு, மாடுலேட்டர் எல்லாவற்றின் ரப்பரும் இதில் ஊறி உப்பும். சங்ககிரி வாசகரின் சேம்பர் சீல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அவரும் டேங்க் டிரெயினைத் திறந்து பார்க்கட்டும்.

வாசகர், ஓசூர்: லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கும்போது பாதியில் பிரேக் பிடிக்கவில்லை. மீட்டரில் 7 கிலோ இருந்தது. மேலே, சமதரையில், நன்றாகத்தான் பிடித்தது.

காற்று இருக்கிறது, பிரேக் இல்லை என்றால் புஷ் ராடு நீளத்தை அளந்து பாருங்கள்.

சேம்பரிலிருந்து வெளியே வரும் புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் தள்ளி, லைனிங்கை டிரம்மில் அழுத்தும் எஸ் கேமைத் திருப்புகிறது. 30 எண் சேம்பர் என்றால் டயாபிரம் பரப்பு 30 சதுர அங்குலம். 7 கிலோ காற்றில் ஏறக்குறைய 1,350 கிலோ விசை தரும். ஆனால் அந்த விசை ராடு குறிப்பிட்ட தூரம் வரும்வரைதான். கடைசிப் பகுதிக்குப் போனால் விசை சட்டென்று விழும். டிரம் சூடானால் விரியும், விரிந்த அளவுக்கு ராடு இன்னும் வெளியே வர வேண்டும். குளிர்ந்த நிலையில் எல்லையில் நின்ற பிரேக், கணவாய்ப் பாதியில் எல்லையைத் தாண்டிவிடும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மேலே நன்றாகப் பிடித்ததும் கீழே கைவிட்டதும் இதனால்தான்.

அளக்க இரண்டு பேர் வேண்டும். டிரம் குளிர்ந்திருக்க, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ராடு சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். இன்ஜினை நிறுத்தி, 6 முதல் 7 கிலோ காற்றில் ஒருவர் முழுதாக அழுத்த, மற்றவர் கோடு நகர்ந்த தூரத்தை அளக்கட்டும். சாதாரண 30 எண் சேம்பருக்கு 51 மில்லிமீட்டர், 20, 24 எண்களுக்கு 44 மில்லிமீட்டர் எல்லை. லாங் ஸ்ட்ரோக் வகைக்கு எல்லை வேறு. வலது, இடது இரண்டும் சமமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கையால் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்றால், பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்தி, லைனிங் டிரம்மைத் தொடும்வரை நட்டைத் திருப்பி, பிறகு கால் முதல் அரைச் சுற்று திரும்ப விடுங்கள். ஆட்டோ ஸ்லாக் என்றால் இப்படித் திருகிவிட்டு ஓட்டுவது தவறு. அது தானாகச் சரியாகவில்லை என்றால் கேம் புஷ் தேய்ந்திருக்கும், கிளெவிஸ் பின் ஆடும், அல்லது அட்ஜஸ்டரே பழுது. திருகினால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த கணவாயில் மறுபடி போகும்.

ஓட்டும் முறையும் முக்கியம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் பிடிப்பு, எக்ஸாஸ்ட் பிரேக் இரண்டும் போய், முழுச் சுமையும் டிரம்மின் மேல் விழும். கம்ப்ரஸரும் ஐடிலிங்கில் மெதுவாகத்தான் காற்று ஏற்றும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வாருங்கள். 40-ல் இறங்க வேண்டிய இடத்தில், 40 தொட்டதும் திடமாக அழுத்தி 30 பக்கம் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக அழுத்தியபடியே இறங்குவது டிரம்மை ஆறவே விடாது.

வாசகர், திருச்செங்கோடு: காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டி இழுக்கிறது, லோடு ஏற்றினால் சரியாக இருக்கிறது.

பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு மேலே உள்ள, லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வின் கம்பியைப் பாருங்கள். கழன்றிருக்கும், வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் பட்டை மாற்றியபோது நீளம் மாறியிருக்கும். நீளத்தைக் கண்ணளவில் வைக்காமல் வண்டியின் தகட்டில் உள்ள அளவுப்படி வைக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியும் இப்படி இழுக்கிறது என்றால் ஏபிஎஸ்ஸையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

வாசகர், வேலூர்: நடுவழியில் காற்றெல்லாம் போய் ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டியை எப்படி நகர்த்துவது?

பின் சேம்பர் ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்து வைக்க ஒரு ரிலீஸ் போல்ட் உண்டு. சில வகையில் சேம்பர் வாலிலேயே அறுகோணத் தலையோடு இருக்கும், அதை இடப்புறமாகத் திருப்ப வேண்டும். சில வகையில் பக்கவாட்டு உறையில் தனியாகச் செருகியிருக்கும். அதை எடுத்து, நடுத்துளையில் விட்டு, கால் சுற்று திருப்பி மாட்டி, நட்டை இறுக்குங்கள். கை ஸ்பேனர் மட்டும்தான், இம்பாக்ட் கன் கூடாது. முன்னதாகவே கட்டை கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் கடைசிச் சேம்பரும் விட்டதும் வண்டியில் எந்தப் பிரேக்கும் இருக்காது. சேம்பர் ஓடு துருப்பிடித்தோ விரிசல் விட்டோ இருந்தால் போல்ட்டைத் தொடாமல் பட்டறை ஆளை வரவழையுங்கள். இந்த நிலையில் வண்டியைச் சொந்தமாக ஓட்டாதீர்கள். கட்டி இழுப்பதும் கயிற்றில் வேண்டாம், இரும்புத் தடியில்தான். ரோட்டோரம் ஒதுக்கும் அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். லீக்கை அடைத்து, காற்று முழுதாக ஏறிய பிறகு எல்லாப் போல்ட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் லேசாக நகர்த்திப் பாருங்கள். வண்டி அசையாமல் நின்றால்தான் கட்டையை எடுக்கலாம்.