குத்தகைக்கு விட்ட மில், வெடித்த பாய்லர் ட்யூப்: பணம் யார் தருவது?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் அப்பா காலத்து ரைஸ் மில் ஒன்று என் பெயரில் இருக்கிறது. நெல் அவிக்க, மில்லுக்குப் பின்னால் திறந்தவெளியில் தகரக் கொட்டகை போட்டு விறகு பாய்லர் வைத்திருக்கிறோம். 1994ல் அப்பா வாங்கியது. அவர் இருந்தவரை வருடம் தவறாமல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று தருவார். 2020 தை மாதம் தெரிந்தவர் ஒருவருக்கு 5 வருடக் குத்தகைக்கு விட்டேன். மூட்டைக்கு இவ்வளவு என்று எனக்குப் பணம். அட்வான்ஸ் 3 லட்சம். "பாய்லர் பராமரிப்பும் விபத்துப் பொறுப்பும் குத்தகைதாரரையே சேரும்" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியிருக்கிறோம். 2024 நவம்பரில் ட்யூப் வெடித்து, விறகு போடுபவருக்குக் கையும் மார்பும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றரை லட்சத்தை மனிதாபிமானத்தில் நான்தான் கட்டினேன். இப்போது இழப்பீட்டு ஆணையரிடம் என்னை முதல் எதிர்மனுதாரராகப் போட்டிருக்கிறார்கள். குத்தகைதாரர் "பாய்லர் உன்னுடையது" என்கிறார். இரண்டரை லட்சம் கையில் கொடுத்து எழுதி வாங்கிவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். நாலு பக்கம் குத்தகைதாரரின் துரோகம், ஒரு பக்கம் புகைக்காகப் பெட்டிஷன் போட்ட பக்கத்து வீட்டுக்காரர், அரைப் பக்கம் தொழிலாளியைத் தூண்டிவிட்ட சங்கத்துக்காரர். அவை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் வழக்கு இருப்பது கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரே வரியில்: "தொழிலாளிக்கு ஏதாவது கிடைக்கட்டுமே என்று இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். பாலிசி என் பெயரில்தான் இருந்தது."

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். முதலாளி பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர். காயமடைந்தவர் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார் என்பதற்கு 4. சம்பளம் 16,000. கீழே மில் சீல், அதன் மேல் உங்கள் கையெழுத்து. ஆணையர் முன் தொழிலாளியின் வக்கீல் வேறு எந்தச் சாட்சியையும் கூப்பிட வேண்டியதில்லை. தொழிலாளி யாரிடம் வேலை பார்த்தார் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

குத்தகைப் பத்திரத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். 5 வருடக் குத்தகை, பதிவு செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாத பத்திரத்தின் ஷரத்துகளை நிரூபிக்க அந்தப் பத்திரத்தையே சாட்சியமாகக் காட்ட முடியாது. முடிந்தாலும் பெரிய பயனில்லை. அது உங்கள் இருவருக்குள் எழுதிக்கொண்டது, தொழிலாளியை அது கட்டுப்படுத்தாது. அதோடு, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கியிருக்கிறீர்கள். மாத வாடகை வாங்கியிருந்தால் "இடத்தை வாடகைக்கு விட்டேன்" என்றாவது வாதாடலாம். மூட்டைக் கணக்கு என்றால், தன் தொழிலை இன்னொருவர் மூலம் நடத்தினார் என்று சொல்வது எதிர்த்தரப்புக்குச் சுலபம். அப்படி நடத்தினாலும் முதன்மையாளர்தான், அதாவது வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த தொழில் உரிமையாளர்தான், இழப்பீடு தர வேண்டும் என்கிறது விபத்து நடந்தபோது அமலில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு.

இனி பாய்லர். "எங்களுடையது சின்னது, சட்டம் பொருந்துமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கலன், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்துக்குக் கீழே ஓடுவது, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சுட வைக்க மட்டும் பயன்படுவது, இவைதான் சட்டத்துக்கு வெளியே. தோட்டத்தில் வெந்நீர் போடும் விறகுக் கலன் என்றால் சரி. உங்களுடையது 5 கிலோ அழுத்தத்தில் ஆவி எடுக்கிறது. பொருந்தும். 2025ல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் உங்கள் விபத்து அதற்கு முந்தியது. ஆகவே 1923ஆம் வருடத்துப் பழைய சட்டம்தான். அதன் 6ஆம் பிரிவில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். நடப்புச் சான்று இல்லாத பாய்லரை உரிமையாளர் உபயோகிக்கவும் கூடாது, உபயோகிக்க அனுமதிக்கவும் கூடாது. பாய்லரை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரையும் அந்தச் சட்டம் உரிமையாளர் என்றே கணக்கில் வைக்கும், அதனால் குத்தகைதாரரும் மாட்டுவார். ஆனால் அவர் மாட்டினார் என்பதற்காக உங்களை யாரும் விடப்போவதில்லை. சான்று 2023 மார்ச்சில் காலாவதி. அதற்குப் பிறகு இருபது மாதம், மூட்டைக்கு மூட்டை பணம் வாங்கிக்கொண்டு, ஓட அனுமதித்தவர் நீங்கள்.

பாய்லரை வாங்கி வைத்திருப்பதும் வண்டி வாங்கி வைத்திருப்பதும் ஒன்றல்ல. முப்பது வருடம் விறகு எரிந்து, கிணற்றுத் தண்ணீரின் உப்பு ட்யூப் மேல் ஓடாகப் படிந்து, தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதற்குத்தான் வருடாந்திரச் சோதனை. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது.

இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்ததும் அந்தக் காலாவதித் தேதியைக் காட்டித்தான். ஆக, நீங்கள்தான் முதலாளி என்று நிரூபிக்கக் கிளெய்ம் படிவம் பயன்படும், ஆனால் பணம் வராது. அந்த நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள், சேர்க்காமல் விடக் கூடாது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

"அவர் குடித்திருந்தார்" என்கிறீர்கள். பகுதி ஊனத்தில் அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் விபத்துக்கு நேரடிக் காரணமே குடிதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) மது வாடை என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இல்லை, பார்த்துவிட்டேன். அதோடு அந்த வாதத்தை எடுத்தால் அடுத்த கேள்வி, பாய்லர் அட்டெண்டென்ட் சான்று இல்லாதவரை ஏன் பாய்லருக்குப் பக்கத்தில் விட்டீர்கள் என்பதுதான். "பதினோரு மாதம் கழித்து வந்தார்" என்பதும் உதவாது, அவருக்கு 2 வருடம் அவகாசம் உண்டு.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டரை லட்சம் கையில் கொடுத்து எழுதி வாங்குவது. இந்தத் தப்பைச் செய்துவிட்டு என் ஆபீஸ் படி ஏறியவர்களை எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு மரப்பட்டறை முதலாளி நினைவுக்கு வருகிறார். ஊர்த் தலைவர் முன்னிலையில் 2 லட்சம் எண்ணிக் கொடுத்தார். ஸ்டாம்ப் பேப்பர், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் குறுக்கே கைநாட்டு, இரண்டு சாட்சி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஏழாவது மாதம் ஆணையரிடமிருந்து நோட்டீஸ். பேப்பரை என் மேசையில் விரித்து, "இது இருக்கும்போது எப்படி சார் வந்தது" என்று கேட்டார்.

வந்ததற்குக் காரணம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்று பிரிவுகள். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதினால், சட்டப்படியான தொகையை எவ்வளவு குறைக்கிறதோ அந்த அளவுக்கு அந்த எழுத்து செல்லாது, அது 17ஆம் பிரிவு. மொத்தத் தொகை பேசி முடித்தால் அந்த ஒப்பந்தத்தை ஆணையருக்கு அனுப்பிப் பதிய வேண்டும், அது 28. அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் 29ஐத்தான் யாரும் படிப்பதில்லை. முழு இழப்பீட்டையும் நீங்கள் தர வேண்டும். ஏற்கெனவே கையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது, ஆணையர் வேறு மாதிரி சொன்னால் தவிர. அந்தப் பட்டறைக்காரரின் 2 லட்சத்தில் 1 லட்சம்தான் கணக்கில் ஏறியது. உங்கள் இரண்டரையில் ஒன்றேகால் போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய ஒன்றரை லட்சமும் இழப்பீட்டில் கழியாது. மருத்துவச் செலவு தனி, இழப்பீடு தனி.

சரி, எவ்வளவு வரும்? தொழிலாளிக்கு வயது 40, அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண் 184.17. சம்பளம் 16,000 என்றாலும் சட்டம் எடுத்துக்கொள்ளும் உச்சம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. இரண்டையும் பெருக்கினால் 16,57,530. டாக்டர் எழுதியிருக்கும் வருமான இழப்பு 40 சதவீதம். ஆக 6,63,012 ரூபாய். ஆணையர் சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். இதற்கு வருடம் 12 சதவீத வட்டி, மாதம் சுமார் 6,600 ரூபாய். வட்டி விபத்து நாளிலிருந்தே ஓடும். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தீர்கள் என்று ஆணையர் கருதினால் 50 சதவீதம் வரை அபராதம், அதாவது இன்னும் 3.3 லட்சம் வரை. அந்த அபராதத்தை எந்த இன்சூரன்ஸும் கட்டாது. "ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் அப்பீலை எடுக்கவே மாட்டார்கள். கட்டாமல் இழுத்தால் நிலவரி பாக்கி போல வசூலிப்பார்கள். மில் நிலம் கண்ணெதிரே இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் ஆடிட்டரோ யாரோ, பழைய தேதியில் புதுக் குத்தகைப் பத்திரம் போட்டு, மாத வாடகை என்று மாற்றி எழுதலாம் என்று யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தின் பின்புறம் பத்திர விற்பனையாளரின் வரிசை எண்ணும் தேதியும் இருக்கும், அவரிடம் பதிவேடும் இருக்கும். இப்போது இருப்பது பண வழக்கு. அதைப் போலி ஆவண வழக்காக நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆணையரிடம் கொடுக்கும் எதிருரையில் (பதில் மனுவில்) "இருபது வருட அனுபவமுள்ள வெல்டரை வைத்து 2023ல் ட்யூபைச் சரிசெய்தோம்" என்று பெருமையாக எழுத வேண்டும் என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பதிவான பாய்லரில் அமைப்பு மாற்றமோ புதுப்பித்தலோ தலைமை ஆய்வாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்வது தனிக் குற்றம். வெல்டருக்கு ஐ.பி.ஆர். என்னும் இந்திய பாய்லர் விதிகளின்படி தகுதிச் சான்று இருக்க வேண்டும், கடைத்தெரு அனுபவம் போதாது. இழப்பீட்டு வழக்கில் நல்லபேர் வாங்க எழுதும் வரியைப் பாய்லர் துறை நகல் வாங்கித் தன் வழக்கில் வைக்கும். உங்களுக்கு மூன்று இடத்தில் வேலை இருக்கிறது: ஆணையர், போலீஸ், பாய்லர் துறை. விபத்தை 24 மணி நேரத்துக்குள் துறைக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், நீங்களும் செய்யவில்லை, குத்தகைதாரரும் செய்யவில்லை. மூன்று இடத்திலும் ஒரே கதையைச் சொல்லுங்கள். ஆணையரிடம் "எனக்குச் சம்பந்தமில்லை", இன்சூரன்ஸில் "என் தொழிலாளி" என்று ஏற்கெனவே இரண்டு கதை ஆகிவிட்டது. மூன்றாவது வேண்டாம்.

ஆகவே என் யோசனை சமரசம்தான். ஆனால் ஊர்ப் பெரியவர்களின் சமரசம் அல்ல. ஆறரை லட்சத்தை ஒட்டிய தொகையைத் தொழிலாளியின் வக்கீலோடு பேசுங்கள். வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், அபராதத்தைக் கேட்காமல் விடுவார்கள், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பேசிய தொகையை ஆணையரிடமே கட்டி, ஒப்பந்தத்தை அவர் முன்னாலேயே பதியுங்கள். பேச்சு இழுத்தால், நீங்களே ஒப்புக்கொள்ளும் தொகையை முதலில் கட்டிவிடுங்கள். அந்த அளவுக்காவது வட்டி ஓடாது, தாமத அபராதத்துக்கும் பதில் இருக்கும். போலீஸ் வழக்கும் துறை வழக்கும் இதனால் மறையாது, ஆனால் இழப்பீடு கொடுத்துவிட்டு வரும் முதலாளியையும் ஓடி ஒளியும் முதலாளியையும் நீதிமன்றம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

குத்தகைதாரர் மேல் உள்ள கோபத்துக்கும் வழி இருக்கிறது, அதே 12ஆம் பிரிவில். நீங்கள் கட்டியதை அவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையையும் அதே ஆணையர் தீர்மானிக்கலாம். அவரும் மனுவில் கட்சிக்காரராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நீங்களாகவே கழித்துக்கொள்ளவும் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் போட்டு நிறுத்தி வைப்பதாகச் சொல்லுங்கள். "நம்பிக்கைத் துரோகம்" என்று போலீஸில் புகார் கொடுப்பது வீண் அலைச்சல்.

கடைசியாக, பழைய இரும்புக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பாய்லர் இப்போது சாட்சியப் பொருள். அதன் மேல் வெட்டியிருக்கும் பதிவு எண் பலகையில் தூசி தட்டக்கூட யாரையும் விடாதீர்கள். வெடித்த ட்யூப், கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கொட்டகையைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்துச் சான்றுகள் இருக்கும் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால்.