பள்ளிக்கு எதிரே துப்பாக்கிக் கடை: பெற்றோர் எங்கே முறையிடுவது, எதைக் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு புறநகரில் வசிக்கிறோம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு எதிரே ஒரு கடை வளாகம் இருக்கிறது. அங்கே வங்கிக் கிளை காலி செய்த இடத்தில் துப்பாக்கிக் கடை வரப்போகிறது என்கிறார்கள். பள்ளிக்கு ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியே கூடாது என்று சட்டம் இருக்கும்போது இது எப்படி நடக்கும்? நாங்கள் ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள். ஊர்க் கூட்டத்தில் எதிர்த்துப் பேசினால் சிக்கல் வருமா? இதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: ஆயிரம் அடிச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். பெற்றோர் பெரிதாக நம்பி வருவது இந்த வாதத்தைத்தான். கூட்டத்தில் முதலில் அடிபட்டுப் போவதும் இதுதான். 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய அந்தச் சட்டத்தை 1995-ல் லோபெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மறு ஆண்டே காங்கிரஸ் அதைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள், அதாவது சுமார் 305 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பதை அது தடை செய்கிறது. ஆனால் பள்ளிக்குச் சொந்தமில்லாத தனியார் இடத்துக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. கடை தனியார் இடம் என்பதால் உள்ளே விற்பதற்குத் தடை இல்லை. வாங்கியவர் கடை வாசலைத் தாண்டிப் பொது நடைபாதையில் கால் வைக்கும்போதுதான் சட்டம் அவரைத் தொடுகிறது. குண்டு நிரப்பாமல், பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் அவர் அதைக் கொண்டுபோக வேண்டும். அல்லது சட்டம் ஏற்கும் மாநில உரிமம் அவரிடம் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் உரிமம் உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று பார்ப்போம். துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் எவரும் ஏடிஎஃப் எனப்படும் மத்தியப் பணியகத்திடம் உரிமம் பெற வேண்டும். சாதாரண விற்பனையாளருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 200 டாலர் கட்டணம். தகுதிகள் சரியாக இருந்தால் ஏடிஎஃப் உரிமம் கொடுத்தாக வேண்டும். பள்ளி எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அங்கே மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரே ஒரு நிபந்தனை அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. அந்த முகவரியில் இந்த வியாபாரத்தை மாநிலச் சட்டமோ உள்ளூர்ச் சட்டமோ தடுக்கவில்லை என்று விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும். விண்ணப்பத்தின் நகல் உள்ளூர்க் காவல்துறைத் தலைமைக்கும் போகிறது. ஆக, இந்த விவகாரம் முடிவாகும் இடம் வாஷிங்டன் அல்ல, உங்கள் ஊரின் திட்டமிடல் அலுவலகம்.

அந்த அலுவலகத்தில் ஜோனிங் என்று எல்லோரும் சொல்லும் நில வகைப்பாடுதான் பேசும். ஒவ்வொரு மனையும் ஏதோ ஒரு வகைக்குள் வரும். அந்த வகையில் எந்தத் தொழிலை அனுமதி கேட்காமலே நடத்தலாம், எதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று பட்டியல் இருக்கும். பல ஊர்களில் துப்பாக்கிக் கடைக்கென்று அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது. அது செருப்புக் கடையைப் போலச் சில்லறை வணிகத்துக்குள் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் பொது விசாரணை நடக்காது, அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பும் வராது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அலுவலர் படிவத்தைச் சரிபார்த்து முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். பெற்றோருக்குச் செய்தி தெரியவரும்போது பெயர்ப்பலகையே மாட்டப்பட்டிருக்கும். சிறப்பு அனுமதி தேவை என்று இருந்தால் கதை வேறு. விசாரணை நாள் குறிப்பார்கள், சுற்றியுள்ள மனை உரிமையாளர்களுக்குக் கடிதம் போகும், ஊரின் ஜோனிங் வாரியம் நிபந்தனைகள் விதிக்கலாம்.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை. பதில் பாதிக்கு மேல் அதில்தான் தொங்குகிறது. துப்பாக்கி விஷயத்தில் ஊராட்சிகள் தனியாக விதி போடக் கூடாது என்று பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் சட்டம் வைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவும் டெக்ஸாஸும் இதில் கண்டிப்பானவை. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஜோனிங் விதி துப்பாக்கிக் கடைக்கும் பொருந்தலாம். துப்பாக்கி விற்பனையை முடக்கும் நோக்கத்தோடு போட்ட ஜோனிங் விதி செல்லாது. இந்த 'நோக்கம்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன். விர்ஜீனியாவிலும் ஊராட்சியின் கை கட்டப்பட்டதுதான். 2015-ல் மெக்லீன் என்ற ஊரில் தொடக்கப் பள்ளியை ஒட்டியே துப்பாக்கிக் கடை வந்தது. பெற்றோர் திரண்டு வந்தும், அந்த ஊர் அடங்கிய ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியால் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) சட்டப்படி அதைத் தடுக்க முடியவில்லை.

இலினாய் இதற்கு நேர் எதிர். 2019 முதல் நடைமுறையில் உள்ள அதன் விற்பனையாளர் சான்றளிப்புச் சட்டப்படி, ஏற்கெனவே இருக்கும் பள்ளிக்கோ மழலையர் காப்பகத்துக்கோ 500 அடிக்குள் புதிய துப்பாக்கிக் கடை வரக் கூடாது. மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரம் 2021-ல் இதே சிக்கலில் மாட்டியது. துப்பாக்கிக் கடை வரப்போகிறது என்று தெரிந்ததும் நகர மன்றம் சில வாரங்களில் ஜோனிங் விதியைத் திருத்தி, சிறப்பு அனுமதி கட்டாயம் என்றும் குறிப்பிட்ட பகுதிகளில்தான் வரலாம் என்றும் வைத்தது. கடை திறப்பதற்கு முன்பே விதி மாறியதுதான் அங்கே முக்கியம். முறையாகத் திறந்து இயங்கத் தொடங்கிய கடை, பின்னால் வரும் ஜோனிங் விதிக்கு முரணாக இருந்தாலும் பொதுவாகத் தொடர்ந்து நடக்கும்.

ஊராட்சிக்கு அதிகாரம் உள்ள இடத்தில் இந்தச் சண்டை எப்படிப் போகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்டி வழக்கைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கவுன்டியின் விதிப்படி பள்ளி, மழலையர் காப்பகம், மதுக்கடை, இன்னொரு துப்பாக்கிக் கடை, குடியிருப்புப் பகுதி ஆகிய எதற்கும் 500 அடிக்குள் துப்பாக்கிக் கடை கூடாது. மூன்று வணிகர்கள் சான் லோரென்சோ பகுதியில் ஓர் இடம் பிடித்தார்கள். தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதிலேயே தகராறு தொடங்கியது. வாசலிலிருந்து வாசலுக்கு அளக்க வேண்டும் என்பது கடைக்காரர்கள் வாதம். கவுன்டி கடையின் வெளிச்சுவரிலிருந்து அளந்தது. அருகில் இருந்த குடியிருப்புக்கு 446 அடிதான் வந்தது. அப்படியிருந்தும் ஜோனிங் வாரியம் 2011 டிசம்பரில் விதிவிலக்கு கொடுத்தது. குடியிருப்போர் சங்கம் மேல்முறையீடு செய்தது. அடுத்த பிப்ரவரியில் கவுன்டி மேற்பார்வையாளர் குழு விதிவிலக்கை ரத்து செய்தது. கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஏறி இறங்கி 2017-ல் ஒன்பதாம் சுற்று மத்திய முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு கவுன்டி பக்கம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தரும் உரிமை துப்பாக்கி வைத்திருப்பவருக்கானது, விற்பதற்கென்று தனியாக ஓர் உரிமையை அது தரவில்லை என்றது அமர்வு. கவுன்டியில் வேறு பத்துக் கடைகள் இருந்தன. அவற்றில் ஒன்று இந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 600 அடி தூரத்திலேயே இருந்தது. ஆகவே வாங்குபவரின் உரிமை தடைபட்டதாகக் காட்ட முடியவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது இரண்டு. உங்கள் ஊர் விதியில் தூரம் எங்கிருந்து எங்கே அளக்கப்படுகிறது என்பதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். இலினாயில் கட்டட மூலையிலிருந்து கட்டட மூலைக்கு. வேறு ஊரில் மனை எல்லையிலிருந்து எல்லைக்கு என்று இருக்கலாம். பெரிய விளையாட்டுத் திடல் உள்ள பள்ளியென்றால் இந்த வேறுபாடு மட்டுமே வழக்கைத் தீர்த்துவிடும். இரண்டாவது, விதி தூரத்தையும் இடத்தையும் பற்றியதாக மட்டும் இருந்தால் நிற்க வாய்ப்பு அதிகம். ஊரில் எங்குமே கடை கூடாது என்ற அளவுக்குப் போனால் விழும். துப்பாக்கி விற்பனையை நகர எல்லை முழுவதும் தடை செய்த சிகாகோவின் விதி 2014-ல் நீதிமன்றத்தில் விழுந்தது. 2022-ல் புரூயென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் இன்னும் கடுமையாக அலசுகின்றன. ஆகவே அதிகமாகக் கேட்டு எல்லாவற்றையும் இழப்பதைவிட, தாங்கக்கூடிய விதியைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

இப்போது 'நோக்கம்'. விசாரணையில் பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகும். "துப்பாக்கியே நாட்டில் இருக்கக் கூடாது, அதனால் மறுக்கிறோம்" என்று முப்பது பெற்றோர் பேசினால், வாரியம் மறுத்ததற்கு அதுதான் காரணம் என்று கடைக்காரரின் வழக்கறிஞர் நாளை நீதிமன்றத்தில் அதே பதிவை எடுத்து வைப்பார். வாரியம் கணக்கில் எடுக்கக்கூடிய விஷயங்களைப் பேசுங்கள். கடையின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் எது, காலையில் குழந்தைகள் எந்த நடைபாதையில் போகிறார்கள், அந்த வாகன நிறுத்துமிடத்தில் பெற்றோர் கார்களும் வாடிக்கையாளர் கார்களும் எப்படிக் கலக்கும் என்பதைப் படம் எடுத்து, அளந்து, எழுதிக் கொடுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் உங்கள் அண்டை வீட்டார்தான். அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு சேர்ந்து "கடை வேண்டும், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம்" என்று சொன்னால் வாரியம் வேறு காதோடு கேட்கும்.

தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பெற்றோர் பலர் கைவிடும் இந்த இடத்தில்தான், என் பார்வையில், உண்மையான பயன் கிடைக்கிறது. துப்பாக்கிக் கடையால் வரும் நேரடி ஆபத்து பகல் நேர விற்பனையைவிட இரவுத் திருட்டில் இருக்கிறது. காரைக் கண்ணாடி முகப்பில் மோதி உள்ளே புகுந்து, சில நிமிடங்களில் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போவது பழகிப்போன முறை. கடை மூடியபின் துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சில மாநிலங்கள் மட்டுமே வற்புறுத்துகின்றன. எனவே கேளுங்கள்: முகப்பில் கார் மோதினாலும் தாங்கும் இரும்புத் தூண்கள், இரவில் எல்லாத் துப்பாக்கிகளும் பெட்டகத்துக்குள், காவல்துறைக்கு இணைத்த அலாரம், பதிவுகளைச் சேமிக்கும் கேமரா, பள்ளியைப் பார்த்த ஜன்னலில் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பது, பள்ளி தொடங்கிய பிறகே கடை திறப்பது. சிறப்பு அனுமதி உள்ள ஊரில் வாரியம் இவற்றை நிபந்தனையாக்க முடியும். இல்லாத ஊரில் கடைக்காரரிடமே நேரில் போய்க் கேளுங்கள். திருட்டு அவருக்கும் நஷ்டம், உரிமத்துக்கும் ஆபத்து. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில், மரியாதையாக, எழுதிக் கொண்டுபோங்கள்.

கட்டட உரிமையாளருக்குக் கடிதம் எழுதலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். எழுதலாம், லீஸ் கையெழுத்தாவதற்கு முன் எழுதினால் பலன் அதிகம். ஆனால் கடைக்காரரின் நேர்மை, குணம் பற்றி நிரூபிக்க முடியாத ஒரு சொல்கூட வேண்டாம். 2016-ல் விர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு துப்பாக்கிக் கடையை எதிர்த்துக் கட்டட உரிமையாளருக்கு எழுதிய மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 64 பேர் மீது அந்தக் கடை வழக்குத் தொடுத்தது. பொதுப் பிரச்சினையில் பேசுபவரை இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. அதன் பலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

விசா பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஊராட்சிப் பொது விசாரணையில் பேசக் குடியுரிமை தேவையில்லை; அந்த ஊரில் வசிப்பதே போதும். சட்டப்படி இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1945-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் பொதுப் பதிவில் ஏறும். காணொளியும் இணையத்தில் கிடக்கும். அது உறுத்தினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதத்துக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டிக் கொடுத்துவிட்டுப் பேசுவதை வேறொருவரிடம் விடுங்கள். உங்கள் விசாவில் ஏற்கெனவே ஏதாவது சிக்கல் நிலுவையில் இருந்தால் மட்டும் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் விசாரணையில் பேசியவருக்கோ எழுதிக் கொடுத்தவருக்கோ மட்டும்தான் மேல்முறையீட்டு உரிமை உண்டு. கெடு சில நாட்கள்தான் இருக்கும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. திட்டமிடல் அலுவலகத்தைக் கூப்பிட்டு அந்த முகவரியைச் சொல்லி மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த மனையின் ஜோனிங் வகை என்ன, துப்பாக்கி விற்பனை அங்கே அனுமதி கேட்காமலே நடத்தக்கூடிய தொழிலா, இதுவரை என்ன விண்ணப்பம் வந்திருக்கிறது. விண்ணப்பம் பொது ஆவணம். நகல் கேட்டால் கிடைக்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2019-ல் அமெரிக்க ரகசியச் சேவை பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கிய மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தத் துப்பாக்கியைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். எதிரே கடை வந்தாலும் வராவிட்டாலும், மகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்லும் அதே அழைப்பிலேயே இதையும் கேட்கலாம். இங்கே பெற்றோர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வது அபூர்வம்.